காலியாக விட்ட மூலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து நேராக நிற்காது. கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி முடியும்போது, சரிவான கழனியில் தண்ணீர் இறங்குவதுபோல, கீழ்ப்பக்கமாக இறங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு வரதய்யபாளையம் போக வேண்டும், அங்கே எல்லாப் பாடமும் தெலுங்கு. நான் போகவில்லை. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதையெல்லாம் ஆறாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துச் சமாதானம் செய்துகொள்வேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இப்போது எனக்கு வேலை அலிபிரியில். பெருமாள் மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகிற ஒரு தனியார் இடம். சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறார். நான் வண்டிகளை வரிசையாக நிற்க வைப்பவன். கையைக் காட்டினால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. எனக்கென்றே செய்து வைத்த வேலை என்று என் மனைவி வள்ளி சொல்வாள்.

மெட்ராஸ் வேன் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் இரண்டு வாலிபர்கள், ஏதோ வெளிநாட்டு டீமின் சிவப்புச் சட்டை போட்டவர்கள், மற்றவர்கள் வரும்வரை மதில் ஓரம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டீமுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறாராம்.

"நீ வேணா பாரு மச்சான். இந்த ஆளு வந்துட்டாருல்ல, இனிமே கோல்கீப்பர்லேர்ந்தே பாஸ் போட்டு ஏறுவாங்க. பழைய ஆளு மாதிரி தூக்கி அடிக்கிற கதையே கெடையாது."

"கிழிச்சாரு. நம்ம டிஃபெண்டருங்களுக்குப் பந்தை நிறுத்தவே தெரியாது. அவங்கள வெச்சிக்கினு பின்னாலேர்ந்து ஆடுவாராம். மூணே மேட்ச், ஊருக்கு அனுப்பிடுவாங்க."

சண்டை வார்த்தையில் முடியவில்லை. ஒருவன் கீழே குனிந்து, அங்கே எப்போதும் சிதறிக் கிடக்கும் தண்ணீர் பாட்டில் மூடிகளைப் பொறுக்கி, மதில் மேல் வரிசையாக அடுக்க ஆரம்பித்தான். கோல்கீப்பர் ஒன்று, பின்னால் நான்கு, நடுவில் மூன்று. நான் அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. அவன் நிமிர்ந்து, "அண்ணா, நீங்க ஃபுட்பால் பாப்பீங்களா? இது சரியா வருமா, நீங்க சொல்லுங்க" என்றான்.

"தெரியாதுப்பா" என்றேன்.

பொய். அந்த இடது பக்க மூடி ஒரு விரல் அளவு முன்னால் இருந்தது. அதை உள்ளே இழுத்தால் சரியாகிவிடும். பக்கத்தில் இன்னொரு வேன் வந்து ஹாரன் அடித்தது, கையைக் காட்டப் போய்விட்டேன்.

இந்தத் 'தெரியாது' என் வாயில் குடியிருக்கும் வார்த்தை. நாராயணவனத்தில் வள்ளியைப் பெண் பார்க்கப் போனபோது, "பொண்ணு புடிச்சிருக்காப்பா?" என்று அவள் மாமா கேட்டார். நான், "தெரியாதுங்க" என்றேன். சபையே சிரித்தது. என் நைனா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. நல்லவேளையாக உள்ளே இருந்து அவளே, "எனக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். இல்லையென்றால் இன்றைக்கு நான் தனிக்கட்டை. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார் என்று இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூடி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் வந்த புதிதில், அதில் ஒன்றில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. அதுவரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றவன் நான். முதல் முதலாக எனக்கு ஒரு நீலச் சட்டை கொடுத்தார்கள், பாக்கெட்டில் கம்பெனி பெயர் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் ஐ.டி.ஐ. படித்தவனும் டிப்ளமா படித்தவனும் நானும் ஒரே மாதிரி இருந்தோம். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அதையே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவேன்.

எங்கள் பக்கம் அதற்கு முன் கபடியும் கிரிக்கெட்டும்தான். கால்பந்து, கம்பெனி பஸ்ஸில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வடசென்னையிலிருந்தும் பொன்னேரிப் பக்கத்திலிருந்தும் தினம் பஸ்ஸில் வந்து போகிற ஆட்கள் கம்பெனிக்கு ஒரு டீம் கேட்டார்கள். கம்பெனியும் எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியைச் சமப்படுத்திக் கொடுத்தது. இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் கோல் கம்பம். சுற்றி இருந்த பத்துப் பதினைந்து தொழிற்சாலைகளுக்குள் ஒரு லீக் நடந்தது.

மைதானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில், கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில், முனிரத்தினத்தின் டீக்கடை. மனிதர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னை 'பாவா' என்று கூப்பிடுவார். உறவொன்றும் இல்லை, வாய்க்கு வந்த மச்சான் முறை. அந்தக் கடையை நினைத்தால் முதலில் வருவது இஞ்சி தட்டும் வாசனை, அடுத்து மைதானத்திலிருந்து வரும் வலி எண்ணெய் வாசனை. இரண்டும் கலந்த ஒரு வாசனைக்கு இதுவரை எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. இப்போதும் எங்கேயாவது யாராவது காலுக்கு எண்ணெய் தேய்த்தால் எனக்கு டீ குடிக்கத் தோன்றும்.

அங்கேதான் 'மூடி வைப்பது' என்கிற பழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் வரும்வரை எல்லோரும் டீம் பற்றிப் பேசுவார்கள். வாயால் மட்டும் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "மூடி வெச்சிப் பேசு" என்பார்கள். பன்னீர் சோடாவின் தகர மூடி பதினொன்று நம் ஆட்கள். தண்ணீர் பாட்டிலின் நீல மூடி பதினொன்று எதிர் ஆட்கள். பெஞ்சுதான் மைதானம். ஒருவர் மூடி வைத்தால் அவர் டீ குடித்து முடிக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அதனால் சிலர் ஒரே டீயை அரைமணி நேரம் குடிப்பார்கள். அதில் முதல் ஆள் செல்வம். பொன்னேரிக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவர் குரல் மைதானத்துக்கு அந்தக் கோடிவரை கேட்கும்.

நான் யார் முன்னாலும் மூடி வைத்ததில்லை. ஆனால் எனக்கும் டீம் இருந்தது. பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, நான் சைக்கிளை எடுப்பதற்கு முன்னால், சாயங்கால வெளிச்சத்திலேயே அவசர அவசரமாக மூடிகளை என் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டுப் போவேன். முனிரத்தினம் பாத்திரம் கழுவுவதுபோல முதுகைத் திருப்பிக்கொள்வார். மறுநாள் காலை வந்து இறங்குகிறவர்கள் பெஞ்சைப் பார்த்து, "யாருப்பா வெச்சது இது?" என்பார்கள். முனிரத்தினம், "எனக்கேம் தெல்சு? பேய் வந்து வெச்சிட்டுப் போச்சு" என்பார். அப்படியே அதற்குப் 'பேய் டீம்' என்று பெயர் வந்துவிட்டது. "பேய் இன்னைக்கு இன்னா சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே செல்வம் பஸ்ஸிலிருந்து இறங்குவார். லேபிள் ஒட்டும்போது அதை நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் நாலு பேர் என் யோசனையைப் பேசியது அப்போதுதான்.

இரண்டு வருஷம் எங்கள் ஆட்டம் ஒரே ஆட்டம். தேவராஜ் என்று ஆறடிக்கு மேல் ஒருவர். நெட்டை என்போம். கோல்கீப்பரோ பின்னால் நிற்பவரோ யாராயிருந்தாலும் பந்தை வானத்துக்கு அடிக்க வேண்டும். அது நெட்டை தலையில் விழ வேண்டும். பழைய மேனேஜர் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். சில நாள் விழுந்தது, பல நாள் விழவில்லை. ஆனால் பந்து மேலே போகும்போது எங்களுக்கு ஒரு சந்தோஷம், அதைப் பொய் சொல்லக் கூடாது.

அந்தப் பழைய மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக ஆல்பர்ட் சார் வருகிறார் என்றார்கள். வியாசர்பாடிக்காரர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் என்று பேச்சு. அவர் வருவதற்கு முன் ஒரு வாரம் முனிரத்தினம் கடையில் நடந்த விவாதம் இருக்கிறதே, தேர்தலுக்குக்கூட அப்படி நடந்ததில்லை.

"மெட்ராஸ்காரருப்பா. மூணு ஃபார்வர்டு வெப்பாரு. அடிச்சா அடி, அவ்ளோதான். மேட்சுக்கு நாலு கோலு" என்று செல்வம் மூடிகளை எதிர் கோலுக்குப் பக்கத்தில் குவித்தார்.

"அப்போ பின்னால யாரு நிப்பாங்க? நீ ஃபோர்க்லிஃப்ட் கொண்டாந்து நிறுத்துவியா?" என்றார் முனிரத்தினம்.

"எதுக்கு நிக்கணும்? பந்து அந்தப் பக்கமே இருக்கும்யா."

அன்று எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். இனிமேல் கோல் மழை என்று.

ஆல்பர்ட் சார் வந்தார். ஒல்லியான மனிதர், நடக்கும்போது ஒரு முழங்கால் மடங்காது. முதல் வாரம் முழுக்க, பத்தடி தூரத்தில் எதிரெதிரே நிற்க வைத்து, பந்தைத் தரையோடு தட்டிக்கொள்ளச் சொன்னார். வானத்துக்கு ஒரு அடி கிடையாது. கோல்கீப்பரையும் காலால் ஆடச் சொன்னார். ஓரத்தில் நின்ற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செல்வத்தால் பொறுக்க முடியவில்லை.

"சார்! கோலு அந்தப் பக்கம் கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பர்ட் சாரும் சிரித்தார். "தெரியும்பா. அது எங்கயும் ஓடிப் போவாது. முதல்ல பந்து நம்மகிட்ட கீதான்னு பாப்போம்."

முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவது சமன். கடையில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "பின்னாடியே தட்டிக்கினு கீறாங்க, எதிர் டீம்காரன் கொட்டாவி வுடறான்" என்றார் செல்வம். நெட்டையை நடுவுக்கு இழுத்துவிட்டார் என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கோபம்.

எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து கழனிக்குத் தண்ணீர் கட்டியவன். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் அங்கே போய் நின்று கத்தினால் போகாது. இங்கே ஒரு வரப்பை வெட்டணும், அங்கே ஒன்றை அடைக்கணும், கொஞ்சம் காத்திருக்கணும். மூன்றாவது ஆட்டத்தில் பந்து கோல்கீப்பரிடமிருந்து பின்னால் நின்றவருக்கு, அவரிடமிருந்து நடுவில் நெட்டைக்கு, மறுபடி பின்னால், மறுபடி ஓரத்துக்கு என்று போய்ப் போய், எதிர் ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கமாக இழுபட்ட நேரத்தில் இந்தப் பக்கம் திறந்துகொண்டது. கோல். தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொட்டதுபோல இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் இதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வரிசையாக ஜெயித்தோம். செல்வம் கட்சி மாறினார். "நான் அன்னைக்கே சொல்லல?" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னது நேர் எதிர். ஆனால் அவரிடம் அதை யார் சொல்வது?

அந்த வருஷம் ஏதோ காரணத்தால் லீக் தள்ளிப் போய், அரையிறுதி கார்த்திகை மாதத்தில் வந்து நின்றது. எப்போதும் கோடையில் முடிந்துவிடும். அதே சமயம் கம்பெனியில் பெரியவர்கள் மாறியிருந்தார்கள். இறுதிக்குப் போனால் டீம் இருக்கும், ஆல்பர்ட் சாரும் இருப்பார். இல்லையென்றால் இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டதாக எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டம் எங்கள் மைதானத்தில். நம் மண், நம் ஆட்கள், ஜெயித்த மாதிரிதான் என்றார்கள்.

நம் மண் என்று சொன்னபோது நான் மட்டும் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அது எனக்குத் தெரிந்த மண். கம்பெனி வாங்குவதற்கு முன் அது ஒரு பெரிய விவசாயியின் நெல் கழனி. நானும் நைனாவும் அதில் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறோம், களை எடுத்திருக்கிறோம். ஏரிப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு இடது கை மூலையில்தான் பழைய மடைக் கால்வாய் வந்து இறங்கும். சமப்படுத்தியபோது மேலே மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். அடைத்தால் தண்ணீர் மறந்துவிடுமா? ஏரி நிறைந்து மூன்றாம் நாள், நாலாம் நாள், அடியிலிருந்து கசிந்து வரும். மேலே புல் காய்ந்ததுபோலவே இருக்கும். ஒரு கால் பட்டால் தாங்கும், பத்துக் கால் மிதித்தால் குழம்பிவிடும். நைனாவின் மண்வெட்டி ஒன்று பிடியோடு அந்த மூலையில் முழுகிப் போனது, கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த வாரம் ஏரி நிறைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் போன பிறகு மூடிகளை அடுக்கினேன். ஆல்பர்ட் சாரின் ஆட்டத்தையே வைத்தேன், ஒரே ஒரு மாற்றம். இடது பின்பக்கம் நிற்கிற மூடியை உள்ளே தள்ளி வைத்து, அந்த மூலையைக் காலியாக விட்டேன். அங்கே பந்தைக் கொண்டுபோகவே கூடாது. மாட்டினால் வெளியே அடித்துவிட வேண்டும். அது ஒன்றுதான். இதைக் கண்டுகொள்வார்கள் என்று நம்பினேன். பாருங்கள், தகர மூடி பேசும் என்று நம்பிய ஆள் நான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் ஆல்பர்ட் சார் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு டீக்கு வந்தார். மண் அப்போது கெட்டியாகத்தான் இருந்திருக்கும். பெஞ்சைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"இதான் அந்தப் பேயா?"

"ஆமா சார்" என்றார் செல்வம்.

"நல்லாத்தான் வெச்சிருக்கான். ஆனா இந்த மூலைய ஏன் காலியா வுட்டான்?"

"பேய்க்கு நம்ம கோபியப் புடிக்கல போல சார்." கோபிதான் எங்கள் இடது பின்பக்க ஆள். சத்தியவேட்டுக்காரன், மெஷின் ஷாப்பில் வேலை, அமைதியானவன். அவனும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான். சிரித்தான்.

ஆல்பர்ட் சார் சிரிக்கவில்லை. விரலால் அந்தக் காலி இடத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"நீ இந்த ஊருதானே? டெய்லி ஓரமா நின்னு பாக்குற. உனக்கு எதுனா தோணுதா?"

முனிரத்தினம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "செப்பு பாவா, பரவால்லே" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். ஆனால் முதல் வாக்கியம், "நான் இந்தக் கழனியில் கூலி வேலை செய்தவன் சார்" என்பது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, டிப்ளமாக்காரர்கள் நடுவில் அதைச் சொல்ல வேண்டும். வெட்கம் மட்டுமில்லை, அதற்குள் ஒரு திருட்டுப் பெருமையும் இருந்தது. சட்டைக்கு உள்ளே இருப்பவனை யாருக்கும் காட்ட எனக்கு மனமில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் டீயை முடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். தடாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். முதல் பாதியில் நாங்கள் ரோட்டுப் பக்கக் கோலைக் காத்தோம். ஆட்டம் எங்கள் காலில்தான் இருந்தது, கோல் மட்டும் விழவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் ஏறி ஏறிப் போனதால் ஏரிப் பக்கம்தான் அத்தனை கால்களும் மிதித்தன. இடைவேளையில் பக்கம் மாறினார்கள். இப்போது அந்த மூலை கோபியுடையது.

நான் அந்தப் பக்கமாகத்தான் நின்றேன். ஓடிப் போய் ஆல்பர்ட் சாரிடம் சொல்லலாம். இருபது அடி தூரம். இரண்டு தடவை செருப்பை மாட்டினேன், இரண்டு தடவை நின்றுவிட்டேன்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். கோபிக்குப் பந்து வந்தது. எதிராள் தூரத்தில் இருந்தான். அவசரமே இல்லை. கற்றுக்கொடுத்தபடி அழகாகத் திரும்பி, கோல்கீப்பருக்குத் தட்டினான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அளவான தட்டு. பந்து பாதி வழியில் நின்றுவிட்டது. உருண்டு களைத்து நிற்கவில்லை, கீழேயிருந்து யாரோ கைப்பிடித்ததுபோல நின்றது. எதிராள் வந்து எடுத்துக்கொண்டான். கோல்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிஷமும் வானத்துக்கே அடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏண்டா, சோறு துன்னுட்டுத்தானே வந்த? பந்தத் தட்ட தெம்பில்ல?" என்று கோபியைப் பார்த்துக் கத்தினார்கள். செல்வம்தான் முதல் குரல். "தூக்கி அடிச்சித் தொலச்சிருந்தா போயிருக்கும்ல!" கோபி முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆல்பர்ட் சார் அவன் பக்கத்தில் போய் நின்று எங்களைப் பார்த்து, "அவன ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான் சொன்னதத்தான் செஞ்சான். தப்பு என்னுது" என்றார்.

பிறகு மடங்காத காலோடு அந்த மூலைக்கு நடந்து போனார். குதிகாலை அழுத்தினார், எடுத்தார். குழியில் தண்ணீர் ஊறி வந்து நின்றது. எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி டீக்கடையைப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். போகிற நாள் கடைக்கு வந்தார். நான் இருந்தேன், முனிரத்தினம் இருந்தார், வேறு யாரும் இல்லை. மூடிகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். அந்த மூலையைக் காலியாக விட்டார்.

"அந்தப் பேயப் பாத்தா சொல்லுங்க" என்றார், மூடிகளைப் பார்த்துக்கொண்டே. "அதுக்கு நல்ல கண்ணு. எங்க டைம்ல எங்க கோச்சுங்களுக்குக்கூட அப்படிக் கண்ணு இல்ல. வாயும் இருந்திருந்தா, அந்தப் புள்ள கோபி தப்பிச்சிருப்பான்."

தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். முனிரத்தினம் அன்றைக்கு டீயில் இஞ்சி போட மறந்திருந்தார்.

கோபிக்கு 'மூலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'மூலை கோபி'. மெஷின் ஷாப்பில் ஒரு போல்ட் கீழே விழுந்தால்கூட, "மூலையில பாரு, நின்னிருக்கும்" என்பார்கள். ஆறு மாதம் தாங்கினான், வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அந்தப் பெயரைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து லேபிள் ஒட்டினேன்.

ரோட்டை அகலப்படுத்தியபோது டீக்கடை போனது. முனிரத்தினம் மகனோடு சூளூர்ப்பேட்டைக்குப் போனார், பெஞ்சை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. செல்வத்தைப் பற்றித் தகவலே இல்லை. லீக் என்று ஒன்று நடந்ததாக இப்போது அங்கே வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மைதானத்தில் பெரிய கிடங்கு கட்டி, தரை முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார்கள். அங்கே மூட்டை தூக்கும் என் பங்காளி ஒருவன் போன வருஷம் சொன்னான்: "எல்லா எடமும் காஞ்சி கீது. ஏரிப் பக்கம் ஒரு மூலையில மட்டும் மழைக்காலத்துல அட்டப்பொட்டி நனஞ்சிக்கினே இருக்குது. எஞ்சினியருங்க வந்து வந்து பாத்துக்கினு போறாங்க, ஒண்ணும் புரியல." நான் அவனிடம்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை.

கோபியை ஒரு தடவை பார்த்தேன். அலிபிரியிலேதான், குடும்பத்தோடு வந்திருந்தான். உடம்பு போட்டுவிட்டது. அவன்தான் என்னை அடையாளம் கண்டு, "அண்ணா" என்று கையைப் பிடித்தான். பேசிக்கொண்டே இருந்தவன், கேட்காமலே சொன்னான்: "அன்னைக்கு மட்டும் அந்தப் பந்த இன்னும் கொஞ்சம் வேகமா தட்டியிருந்தேன்னா ஆல்பர்ட் சாரு போயிருக்க மாட்டாருண்ணா. இன்னும் கனவுல வருது." அவன் மகன் நிமிர்ந்து, "நைனா, நீ ஃபுட்பால் ஆடுவியா?" என்றான். "இல்லடா. எனக்கு ஆடத் தெரியாது" என்றான் கோபி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய கதப்பா, வுடு." போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். கூப்பிடவில்லை.

போன வாரம் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் மலை ஏறப் போன பிறகு மதிலுக்குப் போய்ப் பார்த்தேன். மூடிகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அந்த இடது மூடியை ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி வைத்தேன். தள்ளிய பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் ஆள் போன பிறகுதான் கை போகிறது.

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டு முடித்துவிட்டு, "வாயத் தொறக்க வரலன்னா பேனாவையாவது தொற" என்று பிள்ளையின் பழைய நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். போட்டோ எடுத்து உங்களுக்கும் கோபியின் நம்பருக்கும் அனுப்புவதை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

கோபி, நீ சரியாகத்தான் தட்டினாய். அளவு சரி, திசை சரி. அந்த இடத்தில் அடியில் பழைய மடை இருந்தது. மேலே தெரியாது, நானும் என் நைனாவும் அங்கே கூலிக்கு நாற்று நட்டவர்கள், அதனால் எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முதல் நாளே தெரியும். ஆல்பர்ட் சார் என்னைக் கேட்டார், நீ பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாய், நான் தெரியாது என்றேன். உன் மகனிடம் நீ ஆடுவாய் என்று சொல்.

கார்த்திகை மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மதியம். ஏரி நிறைந்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது.